முட்டிக்கு நாள் குறிக்க வந்த பேராண்டி

வாடா பேராண்டி, உக்காரு. அந்தக் கயித்துக் கட்டில்ல மட்டும் பாத்து உக்காரு. நடுவுல கயிறு தளந்து பள்ளமாக் கெடக்குது. அதுல குந்தினா எழுந்திருக்கிறதுக்கு முட்டி வேணும். உனக்கு இருக்குது, எனக்குத்தான் இல்ல.

வந்ததுலேர்ந்து மடியில அந்தப் பொட்டிய வச்சித் தட்டிக்கிட்டே இருக்கியே, என்னாடான்னு கேட்டேன். முட்டி மாத்துற ஆஸ்பத்திரிக்குக் கணக்கு போடுறேன் தாத்தா, ஒருத்தர் ஆபரேஷனுக்குப் படுத்தா எத்தினி நாள்ல வீட்டுக்குப் போவாருன்னு முன்கூட்டியே சொல்ற கணக்குன்னே. நல்லது. மாட்டுக்குச் சினை பாத்து நாள் சொல்றவன் நம்ம ஊர்ல இருந்தான். காத்து திரும்புறத பாத்து மழைக்கு நாள் சொல்றவன் இருந்தான். முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கிறவரு இப்பவும் இருக்காரு, செல்போன் வச்சிருக்காரு. முட்டிக்கு நாள் குறிக்கிறவன் மட்டும்தான் இல்லாம இருந்துச்சி. அந்தக் கொறைய என் பொண்ணு வயித்துல பொறந்தவன் தீத்துட்டான்.

சிரிக்காத. நம்ம பெருமுக்கல் மலைக்கும் முட்டிக்கும் பழைய வழக்கு ஒண்ணு இருக்குதுடா. 1760 ஜனவரியில வந்தவாசியில வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிச்சிக்கிட்டாங்கல்ல, அதுல செயிச்ச இங்கிலீஷ் தளபதி கூட் துரை அப்புறம் நம்ம மலைக்கோட்டைக்கு வந்தாரு. மேல பிரெஞ்சு ஆளுங்க பீரங்கி வச்சிக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சண்டையில துரைக்கு முட்டியிலதான் குண்டு பட்டதாம். அவரு எத்தினி நாள் படுத்திருப்பாருன்னு எந்தப் பேராண்டியும் பொட்டியத் தட்டிப் பாக்கல. ஆனா மறு வருசம் ஜனவரியில புதுச்சேரி விழுந்தப்போ அங்க நின்னவரு அவருதான். குண்டு துளைச்ச முட்டி புதுச்சேரி வரைக்கும் போயிருக்குது. என் முட்டி மரக்காணம் ரோட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போவ மாட்டேங்குது. மலைக்கோயில் முக்தியாலீஸ்வரர் மேலயே உக்காந்திருக்காரு, எறங்கி வர்ற மாதிரி தெரியல.

சரி, உன் சங்கதிக்கு வரேன்.

முட்டி மாத்துறாங்கன்னா நம்ம ஜனங்க என்னா நெனைக்கிறாங்க தெரியுமா? பழைய முட்டியக் கழட்டி எறிஞ்சிட்டு, சைக்கிள் பெடல் மாத்துற மாதிரி புதுசு மாட்டுவாங்கன்னு. அப்படியில்லன்னு உங்க ஆயாவுக்கு முட்டி மாத்தினப்போ டாக்டர் பொம்மைய வச்சிக் காட்டினாரு. தொடை எலும்போட நுனிய சீவிட்டு அதுமேல ஒரு உலோகக் குல்லா. கீழ்க்கால் எலும்புத் தலைய சமமா வெட்டி அதுமேல ஒரு தட்டு. ரெண்டுக்கும் நடுவுல சீக்கிரம் தேயாத பிளாஸ்டிக்குல ஒரு மெத்தை. அவ்ளோதான். பல்லுக்குத் தொப்பி போடுற மாதிரி, எலும்புக்குத் தொப்பி. இப்ப போடுற மாதிரியான முட்டிய 1974-ல நியூயார்க்குல மொதல்ல வச்சவங்கள்ல ஜான் இன்சால் ஒருத்தரு, நம்ம நாட்டுல பொறந்து அங்க போன சித்தரஞ்சன் ரணாவத் ஒருத்தரு. அந்த ரணாவத்துதான் 2000 அக்டோபர்ல மும்பைக்கு வந்து வாஜ்பாய்க்கு எடது முட்டி மாத்தினாரு. மறு வருசம் ஜூன்ல வலது. பிரதமரா இருக்கும்போதே ரெண்டு முட்டிய மாத்திக்கிட்ட மனுசன். அதுக்கப்புறந்தான் நம்ம பக்கம் கெழவனுங்களுக்கெல்லாம் தைரியம் வந்துச்சி. பிரதமருக்கே தேயுதுன்னா நமக்குத் தேயறது ஒண்ணும் கேவலம் இல்லன்னு.

அப்புறம் 2017 ஆகஸ்ட்ல அரசாங்கம் முட்டிக்கு வெலை கட்டிச்சி. சாதாரண கோபால்ட் குரோமியம் முட்டிக்கு 54,720 ரூபா, வரி தனி. அதுக்கு முன்னால ஒன்றரை லட்சத்துக்கு மேல போட்டுத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. முட்டிக்கு வெலை கட்டினவங்க நாளுக்கு வெலை கட்டலியே பேராண்டி. அந்த ஓட்டையிலதான் நீ இப்ப பொட்டியோட நொழைஞ்சிருக்க.

உன் கணக்குல என்னென்ன கட்டம் வச்சிருக்கன்னு கேட்டதுக்கு வரிசையா சொன்னே. வயசு, எடை, சக்கரை, ரத்தத்துல இரும்பு எவ்ளோ, இதயம் எப்பிடி, மயக்கம் முதுகுலயா மூக்குலயா, எல்லாம் சரி. தப்பு சொல்லல. ரத்தம் கொறைவா இருக்கிற கெழவி லேட்டாத்தான் எழுந்திருப்பா, அது எனக்கே தெரியும். ஆனா உங்க ஆயாவ உன் பொட்டியில போட்டுப் பாரு. நாலு நாள்னு சொல்லும். அவளுக்கு மாத்தின ஆஸ்பத்திரியிலயும் நாலு நாள்னுதான் சொன்னாங்க. எத்தினி நாள் இருந்தா? ஒன்பது. ஆஸ்பத்திரி பேரு வேணாம், அவங்களும் பொழைக்கணும். ஆனா அந்த ஒன்பது நாளையும் உனக்குப் பிரிச்சிக் காட்டுறேன், எழுதிக்க.

புதங்கெழமை சேத்தோம். சக்கரை ஏறிக் கெடக்குது, எறங்கினாத்தான் கத்தின்னுட்டாங்க. ஏறுனதுக்குக் காரணம் என்னான்னு உன் பொட்டி சொல்லுமா? மொத நாள் ராத்திரி, ஆஸ்பத்திரிக்குப் போனா வாய்க்கு ருசியா எதுவும் கெடைக்காதுன்னு உங்க அத்த கேசரி கிண்டிக் குடுத்தா. கேசரிக்கு ஒரு கட்டம் போடு. வியாழன் முழுக்க ஊசி போட்டு எறக்கினாங்க. வெள்ளிக்கெழமை காலையில ஆபரேஷன். நல்லாவே ஆச்சி, அதுல கொறை சொல்ல மாட்டேன். சாயங்காலமே ஒரு பையன் வந்து வாக்கரப் புடிச்சி நிக்க வச்சான். நாலடி நடந்தா. அந்த அம்மா மூஞ்சியப் பாக்கணுமே, அம்பது வருசத்துல நான் அந்த மாதிரி சிரிச்சிப் பாத்ததில்ல.

சனிக்கெழமை அந்தப் பையன் அரை நாள்தான். ஞாயித்துக்கெழமை லீவு. முட்டிக்கு லீவு கெடையாது, முட்டிய மடக்குறவனுக்கு லீவு உண்டு. ஒன்றரை நாள் படுக்கையில கெடந்தா தலை சுத்தாம என்னா பண்ணும்? திங்கக்கெழமை எழுப்பி நிறுத்துனா கிறுகிறுன்னு வருதுன்னுட்டா. மத்தியானம் படம் எடுக்கணும்னாங்க, படம் எடுக்குற எடத்துல வரிசை. சாயங்காலம் டாக்டர் பாத்துட்டு, முட்டி நல்லா மடங்குதும்மா, புண்ணு காஞ்சிருக்குது, நாளைக்குப் போவலாம்னாரு. ஆறு நாள்.

நாளைக்குன்னா என்னா கெழமை? செவ்வா. அது மட்டுமா, அன்னிக்கு அஷ்டமி. ஆபரேஷன் ஆன ஒடம்போட செவ்வாக்கெழமை அஷ்டமியில வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டா. டாக்டர் படிச்சவரு, என்னப் பாத்தாரு. நானும் படிச்சவன் மாதிரி சீலிங் ஃபேனப் பாத்தேன். புதங்கெழமை நவமி. அதையும் சேத்துக்க. வியாழன் தசமி, எல்லாம் கூடி வந்துச்சி. காலையில எட்டு மணிக்கே புடவை மாத்தி உக்காந்துட்டா. காப்பீட்டுக்காரங்க கிட்டேர்ந்து சரின்னு பதில் வரணுமாம். மேசைக்கு மேசை காயிதம் நடந்துச்சி, வாக்கர் இல்லாமலே நடந்துச்சி, ஆனா உங்க ஆயாவ விட மெதுவா நடந்துச்சி. கையெழுத்தாகி வந்தப்போ மணி ஒண்ணு இருபது. வண்டி வரதுக்குள்ள ஒன்றரை. வியாழக்கெழமை ஒன்றரைலேர்ந்து மூணு ராகுகாலம்டா! மூணு மணிக்கு மேலதான் படி எறங்கினோம்.

இப்ப கூட்டிப் பாரு. இந்த ஒன்பது நாள்ல முட்டிக்குச் சேர்ந்தது எத்தினி? வெள்ளி ஒண்ணு. சனி ஞாயிறுல ஏதோ கொஞ்சம். திங்க ஒண்ணுன்னு வச்சிக்க. மிச்சமெல்லாம் கேசரி, லீவு, வரிசை, பஞ்சாங்கம், காயிதம். நீ என்னாடான்னா எலும்ப அளந்துக்கிட்டு இருக்க.

டென்மார்க்குன்னு ஒரு நாடு, நீயே நேத்து சொன்னே. அங்க 2000-ல முட்டி, இடுப்பு மாத்துனவங்க பத்து பதினோரு நாள் படுத்திருந்தாங்க. 2009-ல நாலு நாளாயிடுச்சி. ஒன்பது வருசத்துல அந்த ஊரு எலும்பு மாறிடுச்சா? ஹென்ரிக் கெஹ்லெட்டுன்னு ஒரு டாக்டரும் அவரு கூட்டாளிங்களும் ஒரே ஒரு கேள்விய விடாம கேட்டாங்களாம். இந்த ஆளு இன்னிக்கு இன்னும் ஏன் இங்க படுத்திருக்காரு? பதிலக் கூட்டிப் பாத்தா வலி, தலைசுத்தல், அசதி. அது ஒடம்போட பங்கு. அஞ்சுல ஒருத்தரு சும்மா காத்துக்கிட்டு இருந்தாங்களாம். ரத்தம் ஏத்தறதுக்கு, பிசியோதெரபி ஆரம்பிக்கிறதுக்கு, எக்ஸ்ரேவுக்கு. அங்கயும் அதே வரிசைதான் பாத்தியா. நம்ம ஊரு அஷ்டமி மட்டும் அங்க இல்ல.

உப்பளத்துல நாள் சொல்றத நீ பாத்திருக்க மாட்ட. மூட்ட தூக்கித்தாண்டா என் முட்டி தேஞ்சிச்சி, அதனால எனக்கு அந்தக் கணக்கு தெரியும். கடல் தண்ணியில டிகிரி குழாய மெதக்க விட்டுப் பாத்தா மூணு, மூணரை காட்டும். பாத்தியில விட்டு வெயில்ல காயக் காய ஏறும். இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் உப்பு பூக்கும். மூணுலேர்ந்து இருபத்தஞ்சுக்கு எத்தினி நாள்னு மேஸ்திரியக் கேட்டா உடனே சொல்ல மாட்டான். மண்ணக் கையில எடுத்துப் பாப்பான், காத்து எந்தப் பக்கம்னு பாப்பான், அப்புறம் ஒரு நாளு சொல்லிட்டு, கூடவே "மழை பேயலன்னா"ன்னு ஒரு வார்த்தையப் போட்டு வைப்பான். ஒரே ஒரு கோடை மழை போதும், இருபதுல நிக்கிறது பழையபடி எட்டுக்கு வந்துடும். உன் முட்டிக்காரங்களுக்கும் அப்படி ஒரு மழை உண்டு. சொரம் வரும், புண்ணுல நீர் கசியும், கெண்டக்காலு வீங்கி ரத்தக்கட்டோன்னு சந்தேகம் வரும். அந்த ஆளுக்கு உன் நாலு நாள் செல்லாது.

இன்னொண்ணு. சராசரின்னு ஒண்ணு சொல்லுவியே, அதச் சொல்லிக் கெழவிங்கள ஏமாத்தாத. பத்துப் பேரு படுக்கறாங்க. ஒன்பது பேரு நாலு நாள்ல போயிடுறாங்க. ஒருத்தருக்கு மழை பேஞ்சி இருவத்தி நாலு நாள் ஆயிடுது. கூட்டி வகுத்தா ஆறு. ஆறு நாள் படுத்தவன் ஒருத்தன் உண்டாடா அந்த வார்டுல? ஒருத்தனும் இல்ல. ஆனா போர்டுல எழுதி மாட்டுவாங்க, சராசரி ஆறு நாள்னு. நடுவுல நிக்கிறவன் எத்தினி நாள்னு சொல்லு, நாலு. கடைசியில நிக்கிறவன் ஏன் நிக்கிறான்னு தனியா சொல்லு. உப்பு அம்பாரத்துல நடு மூட்டையப் புடிச்சித்தான் தரம் பாப்பாங்க, மேல ஒட்டிக்கிட்டு இருக்கிற சேத்தையும் சேத்து நிறுக்க மாட்டாங்க.

உன் பொட்டி நேத்து ரொம்பச் சரியா சொல்லுதுன்னு குதிச்சியே, நூத்துக்குத் தொண்ணூத்தி அஞ்சுன்னு. எனக்கு அப்பவே பொறி தட்டுச்சி. அதுல ஒரு கட்டத்துல ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தினி பாட்டில் ரத்தம் ஏத்தினாங்கன்னு போட்டிருந்த. இன்னொண்ணுல புண்ணு பழுத்துச்சா இல்லியான்னு. ஏண்டா, சேக்கும்போதே நாள் சொல்லணும்னா அதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்? கல்யாணம் முடிஞ்சி மூணு புள்ள பொறந்தப்புறம் ஜாதகத்தப் பாத்து, புத்திர பாக்கியம் உண்டுன்னு சொல்ற ஜோசியன் மாதிரி இருக்குது. அந்த மாதிரி கட்டத்த எல்லாம் எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாரு. தொண்ணூத்தி அஞ்சு என்னா ஆவுதுன்னு வந்து சொல்லு. மூஞ்சி ஏன் சுருங்குது? சாப்டுட்டுப் போடு.

இன்னும் ஒரு கட்டம் இருக்குது, அத எழுத உன் மொதலாளி ஒத்துக்க மாட்டாரு. பணம் யாருதுன்னு ஒரு கட்டம். காப்பீட்டு அட்டையில மொத்தமா இவ்ளோன்னு பேசி முடிச்சிட்டா, அதிகமா படுக்கிற ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரி கையக் கடிக்கும். முட்டி சீக்கிரமா குணமாவும். கையில காசு கட்டுறவரு ரூம் வாடகை நாளுக்கு நாள் எண்ணிக் குடுத்தாருன்னா, எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் பாத்துக்கலாமேன்னு முட்டிக்கே தோணும். எல்லா எடத்துலயும் அப்படின்னு நான் சொல்லல. எந்த எடத்துல எப்படின்னு உன் பொட்டி சொல்லட்டும், அதுக்குத்தான படிச்ச? அமெரிக்காவுலயே 2017 வரைக்கும் வயசானவங்களுக்கான மெடிகேர் காப்பீட்டுல முட்டி மாத்தணும்னா படுக்கையில சேத்தே ஆவணும்னு இருந்துச்சி. விதிய மாத்தினாங்க, காலையில போயி சாயங்காலம் வீடு திரும்புறவங்க பெருகிட்டாங்க. முட்டிக்குத் தெரியாது விதி மாறினது.

வீட்டையும் ஒரு தடவ போயிப் பாக்கச் சொல்லு உன் ஆஸ்பத்திரிய. உங்க ஆயா திரும்பி வந்தப்போ வாசல்ல மூணு படி, கைப்புடி கெடையாது. கக்கூசு பின்னால, குந்துற மாதிரி. புது முட்டியோட குந்தக் கூடாதுன்னு சொல்லி அனுப்புனாங்களே, எங்க உக்காருவா? திண்டிவனத்துக்கு ஓடிப் போயி ஓட்ட போட்ட நாற்காலி வாங்கியாந்தேன். அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாற்காலி மொதல்ல வந்திருக்கும். போவ வேண்டிய தேதிய சேக்கும்போதே சொல்லிட்டா பத்திரிகை அடிச்ச மாதிரி. பந்தக்காரன், சமையக்காரன், மேளக்காரன் எல்லாம் தானா வந்து நிப்பான். உன் கணக்கு தப்பாவே இருந்தாலும் அந்த ஒரு உபகாரம் உண்டு. அதனாலதான் உன்ன வெரட்டாம உக்காத்தி வச்சிருக்கேன்.

என்னா, எனக்கும் போட்டுப் பாக்கணுமா? நானும் அடுத்த தையில மாத்திக்கப் போறேன்னு உனக்கு யாரு சொன்னது, உங்க அம்மாவா? சரி, போடு. அந்த ஆஸ்திரேலியாக்கார அம்மா, ஓல்ட்மெடோ, 2003-ல எழுதி வச்ச ஆறு கேள்விய மொதல்ல கேளு. ஒடம்ப விட ஆளப் பத்திக் கேக்குதுன்னு சொன்னியே, அது எனக்குப் புடிச்சிருக்குது. மொத்தம் பன்னெண்டு மார்க்கு. ஒன்பதுக்கு மேல வாங்கினா நேரா வீடு. ஆறுலேர்ந்து ஒன்பதுன்னா நடுவாந்தரம், கூடுதலா ஒத்தாசை வேணும். ஆறுக்குக் கீழன்னா ரொம்ப நாள் இழுக்கும். கேளு.

வயசா? எழுவத்திரெண்டு. ஒரு மார்க்கு. சரி. ஆம்பளைக்கு ரெண்டு. பொம்பளைக்கு ஒண்ணுதானாமே, உங்க ஆயா காதுல விழாம சொல்லு. எவ்ளோ தூரம் நடப்பனா? மலைக்கு மேல வரைக்கும் போவேன்னு எழுது. ரெண்டு. கைத்தடி புடிக்கிறனா? இல்ல. ரெண்டு. வீட்டுக்கு வெளியில இருந்து யாராவது வாரா வாரம் வந்து ஒத்தாசை பண்றாங்களா? அந்த வழக்கமே இல்ல. அதுக்கு ஒரு மார்க்கு. வீட்டுல பாத்துக்க ஆள் உண்டா? உண்டு. அதுக்கு மூணு, அதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய மார்க்கு. மொத்தம் பதினொண்ணு. பாத்தியா! வாஜ்பாய் கூட வாங்கியிருக்க மாட்டாரு.

உள்ளேருந்து என்னா சத்தம்?

"மலைக்கு மேல போயி எத்தினி வருசமாச்சின்னு கேளுடா உங்க தாத்தாவ. டீக்கடை வரைக்கும் போறதுக்குள்ள பஞ்சாயத்துக் குழாய்க்கிட்ட ஒரு தரம், புளியமரத்துக்கிட்ட ஒரு தரம் உக்காருது. கையில குடை வச்சிருக்குதே, மழைக்கா? வெயிலுக்கா? அத ஊனிக்கிட்டுதான் நடக்குது. எழுது."

சரி சரி, எழுது. நடைக்கு ஒண்ணு கொறை. குடைக்கு ஒண்ணு கொறை. ஒன்பது. நடுவாந்தரத்துல தள்ளிட்டா கெழவி. உன் கணக்கு நோயாளி வாயிலேர்ந்து வர்றத நம்பிப் போடுறதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தியே, பக்கத்து ரூமுல ஒரு காது இருக்குதுன்னு உனக்கு யாரும் சொல்லல இல்ல?

அந்தக் கடைசிக் கேள்விய மட்டும் அவகிட்ட திரும்பக் கேக்காதடா. பாத்துக்க ஆள் உண்டான்னு. கேட்டுட்டியா? என்னா சொன்னா? ஒண்ணும் சொல்லலியா? பாத்திரம் மட்டும் தேய்க்கிற சத்தம் கேக்குதா? சத்தம் கொஞ்சம் பலமா கேக்குதே.

மூணு மார்க்குடா. அது போனா ஆறு. இன்னும் ஒரு மார்க்கு எங்கியாவது நழுவினா ஆஸ்பத்திரியிலயே எனக்கு ரேஷன் அட்டை போட்டுடுவாங்க. அந்தக் குடைய எடு. மரக்காணம் பஸ் எத்தினி மணிக்கு? மத்தியானத்துக்குள்ள போனா நல்ல நெத்திலி கெடைக்கும், அவளுக்கு நெத்திலின்னா உசுரு. அப்படியே கனகாம்பரமும் ரெண்டு மொழம். நீ பொட்டிய மூடாத, அந்தக் கட்டத்த நான் வர்ற வரைக்கும் காலியா வை.